கீழ் வீட்டின் குளிர்

அந்த வெள்ளைப் பெட்டியை நான் தொடவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அக்டோபரில் எங்கள் வாடகை வீட்டுக் கம்பெனியின் ஆள் ஒருவன் ஏணியோடு வந்தான். என் சமையலறைச் சுவரில், ஓவனுக்கும் கதவுக்கும் நடுவே, சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு பெட்டியை ஒட்டினான். "இதைத் தொடாதீங்க" என்றான். "சரி" என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. எங்கள் ஊர்ப் பக்கம், வேலைக்கு வந்த ஆளிடம் இது என்ன, எதற்கு என்று கேட்டால் அவன் வேலையைச் சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடும். புகை வந்தால் கத்துகிற சாமான் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தூசி தட்டும்போதுகூட அதைச் சுற்றித்தான் தட்டினேன்.

எங்கள் கட்டடம் பீலினென் ஏரிக்கரையில் இருக்கிறது. மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, பன்னிரண்டும் வாடகை. சூடு வாடகையிலேயே சேர்த்தி. ஊர்க் கொதிகலனிலிருந்து வெந்நீர் குழாய் வழியாக வந்து ஜன்னலுக்கடியில் இருக்கும் ரேடியேட்டர்களைச் சூடாக்கும். பதினேழு வருஷமாக அதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. அந்த அக்டோபரில்தான் மாடிப்படி அறிவிப்புப் பலகையில் பச்சை இலைப் படம் போட்ட ஒரு தாளை ஒட்டினார்கள். எரிசக்திச் செலவைக் குறைக்க உங்கள் கட்டடம் இனிமேல் தானே யோசித்துத் தானே சூட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்று அதில் இருந்தது. கட்டடம் யோசிக்கிறதாம். அதைக் கட்டினவர்களே யோசித்ததாகத் தெரியவில்லை, இது யோசிக்கப் போகிறதாக்கும் என்று சிரித்துவிட்டு மேலே ஏறினேன்.

டிசம்பரில் வெளிக்குளிர் மைனஸ் இருபத்தைந்துக்குப் போனது. ரேடியேட்டர் வெதுவெதுப்பாக இருந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் தனிக்கட்டை. பெயர் மெர்வி, வயது அறுபத்து மூன்று. நாற்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பெரிய அண்டாக்களில் கஞ்சி கிண்டியவள். குளிருக்கு அஞ்சி போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற ஜாதி இல்லை. மின்சாரம் விடிகாலையிலும் மத்தியானத்திலும் மலிவு என்பதால் அந்த நேரங்களில் ஓவனைப் போட்டு ரை தானிய மாவில் அரிசிக் கஞ்சி வைத்து மடிக்கிற ‘பை’ பலகாரங்களைச் சுட்டேன். சுட்டு முடித்ததும் அணைக்காமல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன். சமையலறை நன்றாகச் சூடாகிவிடும். ரேடியேட்டர் இன்னும் குளிர்ந்தது. நான் ஓவனை இன்னும் கொஞ்ச நேரம் கூட்டி வைத்தேன்.

கட்டடத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கு இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு, படியில் பார்த்தால் "குளிர்தான்" "ஆமா, குளிர்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். குறை சொல்வது வெட்கம் என்று வளர்ந்த ஜனங்கள். எனக்கு அந்த வெட்கம் இல்லை. சமையலறைத் தொழிலாளர் சங்கத்தில் இருபது வருஷம் பிரதிநிதியாக இருந்தவளுக்கு எதற்கு வெட்கம்? ஆனால் எனக்கு ஓவன் இருந்தது. அதனால் நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஜனவரி இரண்டாவது வாரம், தரைத்தளத்து ஒன்றாம் நம்பர் வீட்டு யனிக்கா ஒரு காகிதத்தோடு மேலே வந்தாள். இருபத்து மூன்று வயதுப் பெண். அவளோடு இருப்பவன் வடக்கே சுரங்கத்தில் வேலை பார்க்கிறான், மூன்று வாரத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டுவான். ஐந்து மாதக் கைக்குழந்தை ஹில்லா அவள் மார்போடு துணியில் கட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு அந்தக் குழந்தைக்கு மூச்சு இழுத்து, ஆம்புலன்ஸ் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். திரும்பி வந்த பிறகும் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டால் எனக்கு என் மூச்சே நின்றுவிடும் போல இருக்கும்.

"மெர்வி, உங்களுக்கு ஆபீஸ் பாஷை புரியும்ல? இதைக் கொஞ்சம் படிங்களேன்" என்றாள்.

"கஞ்சி கிண்டினவளுக்கு என்ன புரியும்? கொடு பார்ப்போம்."

அவள் சிரிக்கவில்லை. வாங்கிப் படித்தேன். எழுத்து மூலமான எச்சரிக்கை. ஒன்றாம் நம்பர் வீட்டுப் படுக்கையறை மூலையில் பூஞ்சை படர்ந்திருப்பதாகக் குடியிருப்பவர் புகார் செய்துள்ளார். வீட்டுக்குள் துணி உலர்த்துவதாலும் சரியாகக் காற்றோட்டம் விடாததாலும் இது உண்டாகியுள்ளது. கட்டடத்தின் வெப்பநிலை ஒழுங்காக உள்ளது. சேதம் குடியிருப்பவரின் பொறுப்பு. பழக்கம் மாறாவிட்டால் குடியிருப்பு ஒப்பந்தம் முறிக்கப்படும்.

"நான் துணி டயப்பர் காயப்போடறேன், அது நிஜம்தான். வெளியில போட்டா பலகை மாதிரி விறைச்சுப் போகுது. வேற எங்க போடுவேன்? ஒப்பந்தம் முறிஞ்சா எங்க போவேன்? இவளை வெச்சுக்கிட்டு?"

"எங்கயும் போக வேண்டாம். எத்தனை டிகிரி இருக்கு உன் வீட்ல?"

"பதினாறு. நேத்து காலைல பதினஞ்சரை."

எனக்குத் தலை சூடாகிவிட்டது. கீழே போய் நானே பார்த்தேன். தொட்டில் பின்னால், வெளிச்சுவர் மூலையில், தரையிலிருந்து என் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு ஏறியிருந்தது. குளிர்ந்த சுவரில் ஈரம் படியத்தானே செய்யும்? ஜன்னலுக்கு மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தில் அவள் ஒரு காலுறையைத் திணித்திருந்தாள். அதைத் திணிக்கச் சொன்னவளே நான்தான், நவம்பரில். அந்த வழியாக ஊசிக்காற்று வருகிறது, அடை அடை என்று காலுறையையும் கொடுத்தேன்.

"இதை மட்டும் முதல்ல எடுத்துடு. மத்ததை நான் பாத்துக்கறேன். போன்ல பேசாதே, கெஞ்சாதே. எல்லாமே எழுத்துல. உன் வீட்ல குறைஞ்சது பதினெட்டு இருக்கணும், அது சட்டம். அவங்க எங்க வெச்சு அளந்தாங்க, எத்தனை இருந்ததுன்னு எழுத்துல கேளு. அது உன் உரிமை. நான் நகராட்சி சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடறேன்."

"அவங்களுக்குக் கோபம் வந்துட்டா?"

"வரட்டும். உடம்பாவது சூடாகும்."

இப்போது அவள் சிரித்தாள். அன்று முதல் ஒருநாள் விட்டு ஒருநாள் நான் சுட்ட பைகளை ஒரு துணியில் சுற்றிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். சூடாக இருக்கும்போதே கொடுத்தேன்.

ஆய்வாளர் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை கம்பெனியின் பதில் வந்தது. யனிக்கா அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் மத்தியானத்துப் பைகளை அப்போதுதான் வெளியே எடுத்திருந்தேன். ஓவன் கதவு திறந்திருந்தது. அவள் உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அப்பாடா, உங்க வீடு சொர்க்கம்" என்றாள். குழந்தையின் கன்னம் மெல்லச் சிவந்தது.

காகிதத்தில் ஒரு வரைபடம். ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு கோடு. கீழே இரண்டு வரி: கட்டடத்தின் உள்வெப்பநிலை சராசரி இருபத்து மூன்று டிகிரி. அளக்கும் இடம், ஒன்பதாம் வீடு.

ஒன்பதாம் வீடு என்னுடையது.

திரும்பவும் அந்தக் கோட்டைப் பார்த்தேன். தினமும் விடிகாலையில் ஒரு ஏற்றம். தினமும் மத்தியானம் இன்னொன்று. கிறிஸ்துமஸ் வாரத்தில், நான் பன்றித் தொடையை மெல்லிய சூட்டில் நாள் முழுக்க வேகவைத்த அன்று, கோடு இறங்கவே இல்லை. நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். அந்த வெள்ளைப் பெட்டி ஓவனிலிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தது. அதுதான் கட்டடத்தின் ஒரே மூக்கு. அதற்குச் சூடு பட்டால் பன்னிரண்டு வீட்டுக்கும் சூடு என்று கட்டடம் நினைத்துக்கொள்கிறது, வெந்நீரை நிறுத்துகிறது. குளிர்கிறதே என்று நான் ஓவனைக் கூட்டுகிறேன். அது இன்னும் நிறுத்துகிறது. நான் காலை நீட்டிக் குளிர் காய்ந்த ஒவ்வொரு மணி நேரமும் கீழே இந்தக் குழந்தையின் அறை ஆறிக்கொண்டிருந்திருக்கிறது. ஆறு வாரமாக.

"என்ன போட்டிருக்கு? எனக்கு ஒண்ணும் விளங்கல" என்றாள் யனிக்கா.

"ஏதோ கணக்கு" என்றேன். "இரு, கண்ணாடி போட்டுக்கிட்டு அப்புறம் நிதானமா பாக்கறேன்."

கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. அவள் கவனித்தாளோ என்னவோ. அவள் போனதும் ஓவனை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினேன். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். எனக்கு லேசில் அழுகை வராது.

அழுது முடித்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. ஓவனை அணைத்தால் பெட்டி குளிரும். கட்டடம் சூட்டைத் திறந்துவிடும். வியாழக்கிழமை ஆய்வாளர் வரும்போது யனிக்கா வீடு இதமாக இருக்கும். ஆய்வாளர் இருபது டிகிரி என்று எழுதுவார். கம்பெனிக்காரன், பார்த்தீர்களா, சூட்டில் ஒரு குறையும் இல்லை, பூஞ்சை வந்தது இவள் டயப்பராலேதான் என்பான். எச்சரிக்கை அப்படியே நிற்கும். அவள் வீடு போய்விடும். நான் கூப்பிட்ட ஆய்வாளரே அதற்குச் சாட்சி ஆகிவிடுவார்.

ஓவனை வியாழன் வரை ஓடவிட்டால் பதினாறு டிகிரியை அவர் கண்ணாலேயே பார்ப்பார். ஆனால் அந்த மூன்று நாளும் குழந்தை பதினாறில் கிடக்க வேண்டும். அந்தக் கரகரப்போடு.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால், கட்டடத்தின் கருவியைக் கெடுத்தவள் என்று கம்பெனி என்னை வெளியே அனுப்பலாம். எங்கள் ஊரில் வேறு வாடகை வீடு எங்கே இருக்கிறது? ஆனால் நிஜமாகச் சொல்கிறேன், அந்தப் பயம் இரண்டாவதுதான். முதல் பயம் யனிக்காவின் முகம். நாள்கணக்காக அவளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்து, கம்பெனியைத் திட்டித் தீர்த்து, அவள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிய இந்தப் பெரிய மனுஷிதான் அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள் என்று எந்த வாயால் சொல்வது?

பிளக்கைத் திரும்பச் செருகவில்லை. அது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே என் ரேடியேட்டர் சுட்டது. பத்து மணிக்கு யனிக்கா செருப்பைக்கூட மாட்டாமல் படியேறி வந்தாள்.

"மெர்வி! வந்துடுச்சு! கை வெக்க முடியல! ஆய்வாளர் வர்றாங்கன்னதும் பயந்து திறந்துவிட்டுட்டானுங்க, பாத்தீங்களா? எல்லாம் உங்களாலதான்."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் கட்டிப்பிடிப்பது சாவுக்கும் பட்டமளிப்புக்கும் மட்டும்தான். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மரமாக நின்றேன். இப்போது சொல், இந்த நொடியே சொல் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. "நல்லது, நல்லது" என்று மட்டும் வந்தது வாயிலிருந்து.

புதன்கிழமை முழுக்க நான் ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை. ஹில்லா நன்றாகத் தூங்குகிறாள், சத்தம் குறைந்திருக்கிறது என்று கீழேயிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். அதைப் படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷமும் வந்தது, வெட்கமும் வந்தது.

வியாழன் பதினொரு மணிக்கு எல்லோரும் ஒன்றாம் நம்பர் வீட்டில் கூடினோம். ஆய்வாளர் ரித்வா ஐம்பது வயதுக்காரி, குட்டையாக, முகத்தில் எதையும் காட்டாதவள். கம்பெனியின் பராமரிப்பு மேலாளர் இம்மோனன் வாசலில் ஷூவைக் கழற்றினான், ஒரு காலுறையில் ஓட்டை. அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு ஆறுதல். ரித்வா அறைக்கு நடுவே வெப்பமானியை நிறுத்திவைத்துக் காத்திருந்தாள்.

"இருபது புள்ளி எட்டு" என்றாள்.

"பாத்தீங்களா?" என்றான் இம்மோனன். சந்தோஷத்தைக்கூட அவன் அடக்கமாகத்தான் சொன்னான். "நாங்க எழுதின கடிதம்தான். சூட்டுல ஒரு குறையும் இல்ல."

"போன வாரம் பதினாறு இருந்துச்சு!" என்றாள் யனிக்கா. "நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். இந்தாங்க, தேதியோட இருக்கு."

"அந்தத் தெர்மாமீட்டர் கடையில வாங்கினதுதானே? அதையெல்லாம் நாங்க எப்படி ஏத்துக்கறது? எங்க கருவி தினமும் இருபத்து மூணு காட்டுது. குளிச்ச ஈரம், துணி ஈரம், துவாரத்தையும் அடைச்சு வெச்சிருந்திருக்கீங்க, அடையாளம் தெரியுது. இப்படி இருந்தா எந்தச் சுவரு தாங்கும்?"

"நீங்க ஏதாச்சும் சொல்லுங்களேன்" என்று யனிக்கா ரித்வாவைப் பார்த்தாள்.

"இன்னிக்கு நான் என்ன அளக்கறேனோ அதைத்தான் எழுத முடியும்" என்றாள் ரித்வா. இரக்கமாகத்தான் சொன்னாள். ஆனால் பேனாவைத் திறந்துவிட்டாள்.

யனிக்கா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. மெர்வி பேசுவாள், மெர்விக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது.

"எழுதாதீங்க" என்றேன். "அந்தக் கருவி என் வீட்ல இருக்கு. ஓவன் பக்கத்துல. ஆறு வாரமா நான் ஓவனைத் திறந்து வெச்சுத்தான் குளிர் காஞ்சேன். திங்கக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சுது. அன்னிக்கே அணைச்சுட்டேன். அதனாலதான் இன்னிக்கு இங்க சூடா இருக்கு."

நான் யனிக்காவைப் பார்க்கவில்லை. ரித்வாவின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கருவியைத் தொட்டீங்களா?" என்றான் இம்மோனன்.

"தொடாதேன்னு சொன்னாங்க. தொடல. எதுக்குன்னு சொல்லியிருந்தா ஓவன்கிட்டயே வராம பாத்திருப்பேன்."

"இப்ப சொல்றீங்க. பக்கத்து வீட்டுக்காரங்களைக் காப்பாத்த ஆயிரம் சொல்லலாம். இதுக்கு ஆதாரம்?"

அவன் அப்படிக் கேட்டது எனக்கு உதவியாகிவிட்டது. கோபம் வந்தது, கோபம் வந்தால் எனக்கு நாக்கு நேராக வேலை செய்யும்.

"உங்க போன்ல அந்தக் கருவி காட்டற டிகிரி தெரியும்ல? வாங்க மேல. காபி போடறேன். உக்காந்து நீங்களே பாருங்க. எத்தனை மணி நேரமானாலும் சரி."

ரித்வா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு மணிக்குத்தான் அடுத்த இடம்" என்றாள்.

மேலே போனோம். யனிக்கா வரவில்லை. நான் பிளக்கைச் செருகி, ஓவனை முழுச் சூட்டில் வைத்துக் கதவைத் திறந்தேன். காபி போட்டேன். இம்மோனன் மேஜை மேல் போனை வைத்தான். இருபது புள்ளி ஆறு. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தோம். கரண்டி சத்தம்தான். இருபத்தொன்று. ஏறாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கம், ஏறிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம். இருபத்திரண்டரை. ரித்வா எழுந்து, பெட்டிக்கும் ஓவனுக்கும் நடுவே டேப்பை வைத்து அளந்தாள்.

"எழுபது சென்டிமீட்டர்" என்றாள். "பன்னெண்டு வீட்டுக்கு இது ஒண்ணுதானா?"

"செலவைக் குறைக்கச் சொன்னாங்க" என்றான் இம்மோனன். முதல் தடவையாக அவன் குரல் கம்மியது. "மத்த வீடுகளுக்கு வசந்தத்துல போடறதா இருந்தோம்."

"வசந்தத்துல குளிராதே" என்றேன்.

அவன் போனைக் கையில் எடுத்து எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு அவனே வாய்விட்டுப் படித்தான். "இருபத்து மூணு. வெந்நீர் வால்வு மூடுது." கொஞ்ச நேரம் கழித்து, "முழுசா மூடிடுச்சு" என்றான். அதைச் சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். கெட்ட ஆள் இல்லை போலிருக்கிறது, தன் காகிதத்தை முழுசாக நம்பிய ஆள்.

இன்னும் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ரித்வா இரண்டாவது கோப்பையும் குடித்தாள். பிறகு, "கீழ போய்ப் பாக்கலாம்" என்றாள். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

யனிக்கா படுக்கையறைத் தரையில், ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹில்லா மடியில். அவள் உள்ளங்கை ரேடியேட்டரின் மேல் இருந்தது. நாங்கள் மேலே போனதிலிருந்து கையை அங்கேயே வைத்திருந்தாள் என்று பார்த்த உடனே தெரிந்தது. ரித்வாவும் குனிந்து தொட்டாள், ஆறிப்போயிருந்தது. வெப்பமானியைக் குழாயில் வைத்தாள். எழுதினாள். நிமிர்ந்து இம்மோனனிடம் நிதானமாகச் சொன்னாள்: இந்த வீடு வாரக்கணக்கில் சூடில்லாமல் விடப்பட்டிருக்கிறது, சுவர் ஈரத்துக்கு அதுதான் காரணம், பூஞ்சையைச் சுத்தம் செய்து சுவரைச் சரிசெய்வது கம்பெனியின் வேலை, கருவிகளை இந்த வாரமே மாற்ற வேண்டும்.

"எச்சரிக்கை?" என்று கேட்டேன்.

"வாபஸ் வாங்கிடறோம்" என்றான் இம்மோனன். "எழுத்துலயே தர்றேன்."

"வாடகைக் குறைப்பு?"

"அதையும் பேசலாம்."

என்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எல்லாமே கிடைத்துவிட்டது. நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. யனிக்கா மட்டும் யாரையும் பார்க்காமல், ரேடியேட்டரிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இப்படித்தானா?" என்றாள்.

கேள்வி எனக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இம்மோனன் ஷூவைத் தேட வாசல் பக்கம் போனான்.

"இப்படித்தான்" என்றேன்.

"தினமும் ரெண்டு வேளையா?"

"ரெண்டு வேளை."

"கிறிஸ்துமஸுக்குமா?"

"அன்னிக்கு நாள் முழுக்க."

அவள் குழந்தையைப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் ஆம்புலன்ஸ் வந்தது. ஜன்னல் திரையை விலக்கி, அந்த நீல விளக்கு பனியில் சுழல்வதை நான் மேலேயிருந்து பார்த்தேன். அடுத்த நாள் அவர்களுக்காக நிறையப் பைகளைச் சுட்டேன்.

"யனிக்கா," என்றேன். "எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. திங்கக்கிழமை தெரிஞ்ச உடனே அணைச்சுட்டேன். உன்கிட்ட சொல்ல மூணு நாளா வாய் வரல. அதுதான் என் தப்பு. என்னை நீ திட்டு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்ல எழுந்தாள். தொட்டில் ஓரத்தில் கிடந்த கம்பளித் தொப்பியை எடுத்துக் குழந்தையின் தலையில் மாட்டி, காது மூடும்படி இழுத்துவிட்டாள். குழந்தை ஒருதடவை இருமியது. அந்த இருமலுக்குப் பின்னால் இழுபடும் மூச்சுக்காக நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். அது வந்தது.

"மெர்வி," என்றாள் யனிக்கா. "மேல ஓவன் இன்னும் எரியுது."

நான் படியேறி ஓடினேன்.